எங்கள் ஹோமில் ஒரு வளைகாப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி நிர்வாகத்தில் கேட்டார்கள். நின்று பேசினால் எனக்கு மூட்டு வலிக்கும், உட்கார்ந்து பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் எழுதித் தருகிறேன். கள்ளக்குறிச்சியில், வீடில்லாத பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் தங்கும் இந்த ஹோமில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சமையல், சுத்தம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பிடிபடாத ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்கே அது இன்னும் பிடிபடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் மேல் வருத்தப்படக் கூடாது.

நம் ஹோமுக்கு உதவ வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கொஞ்ச நாளிலேயே அவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் வரும். ஒரே நாளில் மூன்று வீட்டுப் பிறந்தநாள் வரும், மூன்று கேக் வரும். சாயங்காலம் குழந்தைகள் வரிசையாக வாந்தி எடுக்கும். அடுத்த வாரம் பூராவும் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

ஒரு தடவை ஒருவர் தன் அப்பாவின் நினைவு நாளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட வந்தார். மாலை போட்ட படத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். வெளியாட்கள் வந்து நின்றால் கை தட்டிப் பாடவேண்டும் என்றுதானே எங்கள் குழந்தைகளுக்குப் பழக்கியிருக்கிறோம்? செத்துப்போனவர் படத்தைப் பார்த்து அத்தனை பேரும் பிறந்தநாள் பாட்டைப் பாடிவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மனிதர் முதலில் திகைத்தார், அப்புறம் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் ஒரேயடியாக அழ ஆரம்பித்தார். மறு வருஷமும் வந்தார். பிள்ளைகளை அந்தப் பாட்டையே பாடச் சொன்னார். இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குழந்தைகள் செய்தது தப்பா, சரியா, அதுவும் தெரியாது. நம் வேலையில் இப்படித்தான் நிறைய நடக்கும்.

சரி, வளைகாப்புக்கு வருகிறேன்.

சத்யா என்று ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். கல்வராயன் மலைப் பெண். கேரளாப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போன இடத்தில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். வயிற்றில் பிள்ளையோடு ஊருக்குத் திரும்பும்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இவளை உட்காரவைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் போனவன்தான். ராத்திரி பூராவும் அங்கேயே உட்கார்ந்திருந்தவளை ஒரு பெண் போலீஸ் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். அப்போது அஞ்சாம் மாசம். அப்பா அம்மா இல்லை. மலையில் ஒரு அண்ணன் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டதால், இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டாராம். போகட்டும், எனக்கு யாருமில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதிகம் பேசமாட்டாள். சொன்ன வேலையைச் செய்வாள். சொல்லாத வேலையையும் செய்வாள். நான் அதட்டினால் மட்டும் கொஞ்சம் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால், எங்க அம்மாவும் இப்படித்தான் கத்தும் என்பாள். பாராட்டா, திட்டா என்று எனக்கு விளங்கியதில்லை.

அவளுக்கு ஒன்பதாம் மாசம் பிறந்ததும் விஜி வந்து நின்றாள். விஜி யாரென்றால், கடைவீதியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள், நம் தன்னார்வலர்களுக்குத் தலைவி மாதிரி. தங்கமான மனசு, வாய் மட்டும் நிற்காது. அரசாங்கத்தில் ஊருக்கெல்லாம் சேர்த்து வளைகாப்பு நடத்துகிறார்களே மேடம், நம்ம பொண்ணுக்கு நாம நடத்தக் கூடாதா என்று கேட்டாள். புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு வளைகாப்பா என்று எங்கள் சமையல்கார அஞ்சலை முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, கண்டிப்பாக நடத்துகிறோம் என்று சொல்லிவிட்டேன். சத்யாவையும் கேட்டேன். தலையை ஆட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறவள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது, குறை சொல்லக் கூடாது. விஜியின் ஆட்கள் தாங்கள்தான் தாய்வீடு என்று சொல்லிக்கொண்டு வரிசைத் தட்டோடு வந்தார்கள். நாங்கள் புகுந்த வீடு. கூடத்தில் மனை போட்டு உட்காரவைத்து, முதலில் வேப்பிலைக் காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம். ஹோமிலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தரும் வந்து ஒரு வளையல் போட்டார்கள். சிரித்துப் பேசியே பார்த்திராத சில பேர் அன்றைக்குப் பாடவே செய்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அஞ்சலை அமர்க்களப்படுத்திவிட்டாள். முணுமுணுத்தவளும் அவள்தான், அன்றைக்கு அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவள்தான்.

எல்லாம் முடிந்ததும் விஜிக்கு வீடியோ வேண்டும். நான் காப்பாளராக வந்த நாள் முதல் ஒரு விதி வைத்திருந்தேன். இங்கே தங்கியிருக்கும் யாருடைய முகமும் போனில் விழக் கூடாது. அடித்துத் துரத்திய புருஷன்கள், தேடிக்கொண்டு வருபவர்கள், எத்தனையோ இருக்கிறது. அதில் மட்டும் நான் கடவுளே வந்து கேட்டாலும் விடமாட்டேன். முகம் வேண்டாம் மேடம், முதுகுப் பக்கமிருந்து எடுக்கிறோம் என்றாள் விஜி. முதுகுப் பக்கமிருந்து எடுப்பதென்றால் நம்மைவிட்டு நடந்து போகிற மாதிரிதானே எடுக்கவேண்டும்? வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்புவது வழக்கம்தானே, அதையே எடுத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கட்டுச்சோற்றை டிபன் கேரியரில் போட்டு, புதுப்புடவையோடு ஒரு பையில் வைத்து சத்யா கையில் கொடுத்தார்கள். ஆரத்தி சுற்றினார்கள். நல்லபடியா போய்ட்டு வாம்மா என்று அஞ்சலை நெற்றியில் திருநீறு பூசினாள். சத்யா வாசல் கேட்டு வரைக்கும் நடந்தாள், பின்னாலேயே எல்லாரும் நடந்தார்கள். கேட்டைத் தாண்டி ரெண்டு எட்டு போனதும் விஜி 'போதும்' என்றாள். சத்யா திரும்பி வந்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை டிபனுக்கு அவளைக் காணவில்லை.

கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. பையைக் காணோம், கேரியரைக் காணோம். பாத்ரூம், மொட்டைமாடி, பின்பக்கம் எல்லாம் தேடினோம். இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கிற பெண். கேட்டில் இருக்கும் வாட்ச்வுமன் லட்சுமியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்த அம்மா என்னைவிடக் குழம்பிப்போய் நின்றது.

"சொல்லிட்டுத்தான் போச்சு மேடம். நேத்து நீங்கதான் எல்லாரும் சேர்ந்து வழியனுப்பினீங்க. நேத்து நேரம் நல்லா இல்லன்னு இன்னிக்கிக் காலைல கெளம்புதுன்னு நெனச்சிக்கினேன்."

அது வீடியோவுக்காகம்மா என்றேன். லட்சுமி அதற்கும் சரி மேடம் என்றது. சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தது.

விஜிக்குப் போன் போட்டேன். வந்தவள் வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். தான் ராத்திரியே வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோவை அந்தப் புருஷன்காரன் பார்த்து வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்பது அவள் கட்சி. முகமே இல்லாத வீடியோவை வைத்து எப்படிடீ கண்டுபிடிப்பான் என்று கேட்டால், முதுகை வைத்து என்றாள். குழந்தையை விற்கிற ஆட்கள் ஏமாற்றிக் கூட்டிப்போயிருப்பார்கள் என்றாள் அஞ்சலை. இங்கே இருக்கப் பிடிக்காமல் போய்விட்டாள் என்று இன்னொருத்தி. எல்லாருடைய பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் கஷ்டம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த ஏட்டம்மா நல்ல மாதிரி. விவரத்தைக் கேட்டுக்கொண்டார். வீடியோவைக் காட்டச் சொன்னார், ரெண்டு தடவை பார்த்தார். "காணாம போச்சுன்னு எழுதட்டுமா, நீங்களே அனுப்பிச்சிட்டீங்கன்னு எழுதட்டுமா மேடம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். கொஞ்ச நேரம் பொறுங்கள், நாங்களும் தேடிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று கவனியுங்கள். எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லும்போது, காணாமல் போனவள் என்ன சொன்னாள் என்பது மறந்துபோகிறது. சொல்லிட்டுப் போச்சு என்று லட்சுமி சொன்னதே, என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று நான் கேட்கவே இல்லை. போன் போட்டுக் கேட்டேன். தாய் வூட்டுக்குப் போறேன்னு சொல்லிச்சு என்றது லட்சுமி. இல்லாத தாய்வீட்டுக்கு எப்படிப் போவாள்?

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கல்வராயன் மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர் ஒரு நடை போய்விட்டுத் திரும்பியிருந்தார். கேட்டவுடனே சொல்லிவிட்டார். கை நிறைய வளையலோடு வந்த பிள்ளைத்தாய்ச்சியை யார் மறப்பார்கள்? முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு உட்காரவைத்தாராம்.

"வளகாப்பு முடிஞ்சி தாய் வூட்டுக்குப் போறேன்னு சொல்லிச்சிங்க. இன்னாம்மா, கூட ஒருத்தரையும் காணோமேன்னு கேட்டேன். பின்னாடி வராங்கன்னு சொல்லிச்சி."

பின்னாடி வருகிறார்கள். நாங்கள் வருவோம் என்று தெரிந்து சொன்னாளா? கண்டக்டரின் வாயை அடைக்கச் சொன்னாளா? இல்லை, வழியனுப்பியவர்கள் பின்னால் வருவதுதானே முறை என்று நிஜமாகவே நம்பினாளா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

விஜியின் காரிலேயே கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் விஜி அழுகையை நிறுத்தினாள். வளைவில் வண்டி ஓட்டவே அவளுக்குச் சரியாக இருந்தது. நான் மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். பார்த்தவுடன் நாலு திட்டு. அப்புறம் காரில் ஏற்றி நேரே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. அண்ணன்காரர் குறுக்கே பேசினால் அவருக்கும் நாலு. இதில் குழப்பம் எதுவும் இல்லையே என்று தைரியமாகக்கூட இருந்தது.

வெள்ளிமலையில் விசாரித்து, அங்கிருந்து மண் ரோட்டில் உள்ளே போனோம். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே ஏழெட்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலுக்கு எதிரே கிடந்த கல்லின் மேல் சத்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கேரியர், திறக்கவே இல்லை. பக்கத்தில் போனதும் தயிர்ச்சோறு புளித்த வாசம் அடித்தது. காலையில் வந்ததிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், சொம்பு பக்கத்தில் இருந்தது. உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை. அண்ணன்காரர் வாசலில் குந்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்து ஜனம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"வளையல் போட்டவங்க நீங்கதானா? போட்றதா இருந்தா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்து கூட்டிக்கினு வந்திருப்போம். இல்லன்னா நீங்க கொண்டாந்து வுட்டிருக்கணும். ரெண்டும் இல்லாம ஒண்டியா வந்து நின்னா, அனுப்பிச்ச பொண்ணுன்னு சொல்லுவாங்களா, தொரத்தி வுட்ட பொண்ணுன்னு சொல்லுவாங்களா? உள்ள எப்பிடிங்க கூப்புட்றது?"

வாசப்படி மிதிக்காதே என்று சொன்ன வீடு இது. இந்த நாலு மாசத்தில் இவள் செத்தாளா பிழைத்தாளா என்று கேட்காதவர்கள். சொல்லியிருந்தால் வந்திருப்போம் என்கிறார்கள். பொய் சொல்கிறாளா என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பொய் மாதிரி தெரியவில்லை. ஊரார் முன்னால் ஏற்றுக்கொள்ள ஒரு சாக்கு கேட்கிறாளா, துரத்துவதற்கு ஒரு சாக்கு கேட்கிறாளா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தது.

சத்யா என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்: "வந்துட்டாங்க அண்ணி. எங்க வூட்டாளுங்க."

இப்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீங்க அவனுக்கு இன்னா வேணும் என்று அண்ணி கேட்டாள். அவன் என்றால் டீ வாங்கப் போனவன். எங்களை அவன் வீட்டு ஆட்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. நாங்கள் அனுப்பவில்லை என்று சொன்னால் அது உண்மை. உண்மையைச் சொன்னால் சத்யாவைக் கையோடு அழைத்துப் போகலாம். ஆஸ்பத்திரி பக்கம், டாக்டருக்கு இவளைத் தெரியும், ராத்திரியில் வலி வந்தால் ஆட்டோ இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக் கதவு அதோடு மூடியதுதான். அனாதை ஹோமில் வளையல் போட்டுக்கொண்டு வந்தவள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாங்கள்தான் அனுப்பினோம் என்று சொன்னால் அது பொய். கதவு திறக்கலாம். ஆனால் ஒன்பது மாசப் பெண்ணை, அவளை ஒதுக்கிவைத்த மனிதர்களிடம், மலை மேலே விட்டுவிட்டுப் போகவேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? நான்தான். பதில் சொல்வதுகூட அப்புறம், அந்தப் பெண் இருப்பாளா?

அவளிடமே தனியாகக் கேட்டுவிடலாம் என்று, சத்யா, இங்கே கொஞ்சம் வாம்மா என்றேன். அவள் வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் குசுகுசுவென்று பேசினால் விஷயம் கெட்டுவிடும் என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்லிலேயே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வையா, பயந்த பார்வையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனையோ பெண்களின் முகத்தைப் படித்துப் பழகியவள் என்று எனக்கொரு கர்வம் உண்டு. அன்றைக்கு ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

பக்கத்தில் விஜி, "இல்லீங்க, நாங்க சும்மா வீடியோவுக்கு" என்று ஆரம்பித்தாள். அவள் காலை ஓங்கி மிதித்தேன்.

"வூட்டுக்குப் பெரியவ நான்தான். நாங்கதான் அனுப்பிச்சோம். பின்னாலயே கெளம்பினோம், வண்டி தகராறு பண்ணிடுச்சு, அதான் நேரமாயிடுச்சு. தப்பு எங்க மேலதான். பிரசவம் இங்க ஆகட்டும். மூணாம் மாசம் வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிக்கினு போவோம்."

யோசித்து முடிவெடுத்துப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். வாய் பேசியது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணி உடனே சமாதானமாகவில்லை. தட்டு எங்க என்று கேட்டாள். சீர்த் தட்டு இல்லாமல் யாராவது வருவார்களா? விஜி காருக்கு ஓடினாள். முந்தின நாள் மிச்சம் ஒரு தேங்காய் கிடந்தது, வாடின வெற்றிலை, கறுத்துப்போன வாழைப்பழம், குங்குமம். தட்டு நிறையவில்லை என்று பார்லருக்கு வாங்கி வைத்திருந்த புது டவல் ஒன்றையும் முகத்தில் பூசுகிற கிரீம் ஒன்றையும் சேர்த்து வைத்துக் கொண்டுவந்தாள். வாழ்க்கையில் அப்படியொரு சீர்த் தட்டை நான் பார்த்ததில்லை. அண்ணி அந்தக் கிரீமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஆரத்தி கரைத்து எடுத்து வந்தாள். அண்ணன்காரர் அப்போதுதான் எழுந்து வந்து, தங்கச்சி மடியிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சத்யா படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த எச்சரிக்கையெல்லாம் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்தப் பகுதி நர்ஸைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஆகவேண்டும் என்று அண்ணியிடம் ரெண்டு தடவை சொல்லி, அத நாங்க பாத்துக்க மாட்டமா என்று திட்டும் வாங்கினேன். ஏட்டம்மாவுக்குப் போன் போட்டு, அனுப்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இறங்கும்போது விஜி, நாம செஞ்சது சரியா மேடம் என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று எரிந்து விழுந்தேன். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

அதற்கப்புறம் போன் மணி அடித்தாலே திக்கென்று இருக்கும். ஒரு நாள் அந்த நர்ஸ்தான் பேசினார். பெண் குழந்தை, சுகப்பிரசவம். அஞ்சலை ஹோம் பூராவும் சர்க்கரை கொடுத்தாள். நான் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். வேறு எதற்காக?

மூணாம் மாசம் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போனோம். விஜியின் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். இந்தத் தடவை தட்டெல்லாம் சரியாக இருந்தது. முறைப்படி அழைக்கப் போகிறோம், வருகிறாயா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், வந்தால் கட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

குழந்தை அண்ணியின் இடுப்பில் இருந்தது, கொழுகொழுவென்று இருந்தது. சத்யா மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், கையெல்லாம் மண். கொல்லை வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே இருப்பார்கள் என்றும் தோன்றியது. குழந்தையைத் தான் வைத்துக்கொண்டு இவளை வேலை வாங்குகிறாளோ என்றும் தோன்றியது. அண்ணி எங்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டாள். குழந்தைக்கு இந்தக் காத்துதான் ஒத்துக்குது, இப்ப அனுப்ப முடியாதுங்க என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், அதட்டலாகவும் இருந்தது. அண்ணன்காரர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார், சத்யாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விஜி என் காதைக் கடித்தாள், மேடம், நல்லா இருக்காளா இல்லியா என்று. மூன்று மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தும் அதற்கு என்னால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது வேன் வரைக்கும் சத்யா கூட வந்தாள். மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கொஞ்சம் பின்னால் நின்றாள். இதுதான் சமயம் என்று, வருகிறாயா, இருக்கிறாயா, உன் வாயால் சொல் என்றேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"இப்ப வரலன்னா, அப்பறம் எப்பனா வந்தா அந்த வூட்ல எனக்கு எடம் இருக்குமா?"

வூடு என்றாள். ஹோம் என்றோ, சென்டர் என்றோ சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியும், நம்மிடம் கட்டில் காலியாக வைத்திருக்க வழி கிடையாது. அவள் கட்டிலைக்கூட, அழைக்கப் போகிறோமே என்று பிடிவாதம் பிடித்துத்தான் அந்த மாசம் வரைக்கும் காலியாக வைத்திருந்தேன். மறு வாரமே இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் வந்தாள், கொடுத்துவிட்டேன். எனக்கும் ஓய்வு பெறும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எப்போதாவது வந்து நிற்கும்போது அந்த நாற்காலியில் நான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இருக்கும் என்றேன். எப்ப வந்தாலும் இருக்கும் என்றேன்.

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அண்ணியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். அவள் இதுவரைக்கும் வரவில்லை. நன்றாக இருக்கிறாள், அதனால் வரவில்லை என்று காலையில் நினைக்கிறேன். வரமுடியாமல் இருக்கிறாளோ என்று சாயங்காலம் நினைக்கிறேன்.

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டது உண்டு. சொல்வதற்கு முன்னால் உங்களைத்தான் கேட்டிருக்கவேண்டும். அப்போது நீங்கள் வேலைக்கு வந்திருக்கவில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். இருக்குமா?